ராணுவ நிஸ்ஸானில் டீசல் என்ஜின் ஏற்றிய பிறகு வரும் கோளாறுகள்

ராணுவ ஏலத்தில் எடுத்த நிஸ்ஸான் ஒரு டன் வண்டியில் பெட்ரோல் என்ஜினை இறக்கிவிட்டு, டாடா 407-இன் 497 என்கிற டீசல் என்ஜினை ஏற்றுவது எங்கள் மேட்டுப்பாளையம் பக்கத்தில் பல வருடமாக நடக்கிற வேலை. ஜபல்பூரில் செய்த அந்த வண்டியின் ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின் 3,956 சிசி. நல்ல என்ஜின்தான், ஆனால் அது குடிக்கிற பெட்ரோலுக்குக் காய்கறி லோடு அடித்துக் கட்டாது. 497 நாலு சிலிண்டர், 2,956 சிசி. ஸ்பேர் எந்த ஊரிலும் கிடைக்கும்.

என்ஜினை எப்படி ஏற்றுவது என்று இங்கே சொல்லப் போவதில்லை. ஏற்றி முடித்து, மாலை போட்டு அனுப்பிய வண்டி மூன்றாம் நாள் கயிறு கட்டித் திரும்பி வருமே, அப்போது எங்கே பார்ப்பது என்பதுதான் விஷயம். 407-இல் நேற்று வரை ஓடிய என்ஜின், நிஸ்ஸானுக்குள் வந்ததும் திடீரென்று கெட்டுப்போகாது. பழைய வண்டியும் புது என்ஜினும் சேருகிற இடத்தில்தான் நூற்றுக்குத் தொண்ணூறு கோளாறு உட்கார்ந்திருக்கும்: குழாய், ஒயர், தட்டு, ரப்பர். அதனால் ஸ்பேனரை நேராக டீசல் பம்பில் வைக்காதீர்கள்.

செல்ஃப் சுற்றவில்லை, அல்லது இழுத்து இழுத்துச் சுற்றுகிறது

முதலில் எர்த். ராணுவ வண்டியின் சேஸிஸில் பச்சைப் பெயின்ட் அடுக்கடுக்காக ஏறியிருக்கும். அதைச் சுரண்டாமல் அதன் மேலேயே எர்த் ஒயரை முடுக்கிவிடுவார்கள். என்ஜினோ புது ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. பிறகு கரண்ட் எப்படித் திரும்பும்? செல்ஃப் அடிக்கும்போது ஆக்சிலரேட்டர் கேபிளைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால், அத்தனை கரண்டும் அந்த மெல்லிய கேபிள் வழியாகப் போகிறது என்று அர்த்தம்.

சோதனை சுலபம். ஜம்பர் கேபிளில் ஒன்றை எடுத்து, பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக என்ஜின் பிளாக்கில் பிடியுங்கள். செல்ஃப் துள்ளிச் சுற்றினால் வேலை முடிந்தது. பெயின்டைச் சுரண்டி, வெள்ளை இரும்பு தெரிகிற இடத்தில் தடிமனான எர்த் பட்டை ஒன்று என்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் போடுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் பிளாக்குக்கும் இடையே அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது.

எர்த் சரி என்றால் வோல்ட்டைப் பாருங்கள். வண்டி 24 வோல்ட்டா 12-ஆ, ஏறிய என்ஜினின் செல்ஃப் எது, ஆல்டர்னேட்டர் எது? பெயர்த்தகட்டைப் படியுங்கள், விற்றவர் வாய்வார்த்தையை நம்பாதீர்கள். 24 வோல்ட் வண்டியில் இரண்டு பேட்டரிக்கு நடுவிலிருந்து 12 வோல்ட் ஒயர் இழுத்து வைத்திருந்தால், சில வாரத்தில் ஒரு பேட்டரி கொதிக்கும், இன்னொன்று செத்துப்போகும். உரிமையாளர் பேட்டரிக் கடைக்காரரோடு சண்டைக்குப் போவார், பாவம் அவர் என்ன செய்வார். முழு வண்டியையும் ஒரே வோல்ட்டுக்கு மாற்றுங்கள், அல்லது 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போடுங்கள். இது ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை.

செல்ஃப் சுற்றுகிறது, ஆனால் 'கர்ர்' என்று பல்லில் பல் தேய்கிற சத்தம் வருகிறதா? என்ஜினையும் கியர் பாக்ஸையும் சேர்க்கிற அடாப்டர் தட்டின் கனத்தால், செல்ஃபின் சின்னப் பல்சக்கரமான பினியன் ஃப்ளைவீலின் ரிங் கியரை விட்டுத் தள்ளி நிற்கிறது. அடித்துக்கொண்டே இருந்தால் ரிங் கியர் போய்விடும். நிறுத்துங்கள், லேத்காரரிடம் போங்கள்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, வண்டி பிடிக்கவில்லை

சைலன்சர் வாயைப் பாருங்கள்.

புகையே இல்லை: டீசல் போய்ச் சேரவில்லை. ஸ்டாப் கேபிள் முழுக்கத் திரும்பியிருக்கிறதா பாருங்கள். நிஸ்ஸானின் டேஷ்போர்டிலிருந்து இழுக்கிற கேபிள் பெரும்பாலும் நீளம் குறைவு. லீவர் பாதியிலேயே நின்றுவிடும். கேபிளைக் கழற்றி, பம்பிலுள்ள லீவரைக் கையால் ஓட்டும் நிலைக்குத் தள்ளிவிட்டு அடித்துப் பாருங்கள். சோலனாய்டு வைத்த பம்ப் என்றால் சாவி போட்டதும் அதற்குக் கரண்ட் வருகிறதா என்று டெஸ்ட் லேம்ப் வைத்துப் பாருங்கள். இரண்டும் சரி என்றால் ஹேண்ட் பிரைமரை (கையால் டீசல் ஏற்றுகிற பம்ப்) அடித்துக் குழாயிலுள்ள ஏரை எடுங்கள், பிறகு டீசலைப் பீச்சுகிற நாஸிலின் நட்டை ஒவ்வொன்றாக அரைச் சுற்று தளர்த்திவிட்டு செல்ஃப் அடியுங்கள். பீறிடும் டீசலுக்கு நேராகக் கையை நீட்ட வேண்டாம். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், விரலையே எடுக்க வேண்டி வந்துவிடும்.

வெள்ளைப் புகை: டீசல் போகிறது, எரியவில்லை. செல்ஃப் வேகம் குறைவா என்று மேலே சொன்ன எர்த்துக்குத் திரும்பிப் போங்கள். அதுவும் சரி என்றால், என்ஜினை ஏற்றும்போது பம்பை யாராவது கழற்றி மாட்டினார்களா என்று கேளுங்கள். மாட்டியிருந்தால் டைமிங், அதாவது டீசல் பீச்சுகிற நேரம் மாறியிருக்கும். அதை டீசல் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். குறி இல்லாமல் குத்துமதிப்பாகத் திருப்பி சரி செய்தவரை நான் பார்த்ததில்லை, கெடுத்தவரை நிறைய பார்த்திருக்கிறேன்.

ஸ்டார்ட் ஆகிறது, கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிடுகிறது

இதற்காகத்தான் என்னிடம் அதிக வண்டி வருகிறது. காசும் இதில்தான் அதிகம் வீணாகிறது.

கோத்தகிரியிலிருந்து கேரட் ஏற்றுகிற ஒருவர் வந்தார். வண்டி தினமும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கிறது. மெயின் பம்பை இரண்டு தடவை பம்ப் பார்க்கிற லேபுக்கு அனுப்பியாயிற்று, டேங்கிலிருந்து டீசலை இழுக்கிற ஃபீட் பம்ப் புதுசு, நாஸில் நாலும் புதுசு. நான் 20 லிட்டர் ஜெர்ரி கேனைக் கேபினுக்குள் வைத்து, அதிலிருந்து நேராக ஃபீட் பம்புக்கு ஓஸ் கொடுத்தேன். மிச்ச டீசல் திரும்பி வருகிற ரிட்டர்ன் ஓஸையும் அதே கேனுக்குள் விட்டேன். கல்லாறு தாண்டி பர்லியாறு வரை ஏறி இறங்கினோம், ஒரு தும்மல் இல்லை. சரி, என்ஜினில் ஒன்றுமில்லை. டேங்கை இறக்கிப் பார்த்தால், உள்ளே இறங்குகிற உறிஞ்சுக் குழாயில், பாதி உயரத்தில், குண்டூசித் தலை அளவுக்குத் துரு அரித்த ஓட்டை. டேங்க் பாதிக்கு மேல் இருக்கும்வரை ஓட்டை டீசலுக்குள் மூழ்கியிருக்கும், வண்டி ஓடும். பாதிக்குக் கீழே போனதும் காற்றைக் குடிக்கும். காலையில் ஒரே பங்க்கில் ஒரே அளவு போடுகிறவர் என்பதால் தினமும் ஒரே இடத்தில் நின்றிருக்கிறது.

"ஏனுங், அப்போ பம்புக்கு ஏதும் ஆகலீங்களா?"

"ஒண்ணும் ஆகலீங்ணா. குழாய்தான்."

அவர் அந்தக் குழாயைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு தடவை லேபுக்குக் கொடுத்த பணத்தைக் கணக்குப் போட்டிருப்பார்.

அதனால் இந்த அறிகுறிக்கு ஜெர்ரி கேன் சோதனைதான் முதலில். கேனில் ஓடுகிறது, டேங்கில் நிற்கிறது என்றால் கீழே உள்ளதை இந்த வரிசையில் பாருங்கள்.

ஃபீட் பம்புக்கு முன்னால் உள்ளே ஓடுவது தெரிகிற கண்ணாடி ஓஸ் ஒரு முழம் போடுங்கள், என்ஜினை ஓட விடுங்கள். குமிழி ஓடினால் காற்று உள்ளே போகிறது. உறிஞ்சுகிற பக்கத்து ஓட்டை வெளியே ஒழுகாது என்பதை மறக்காதீர்கள். தரை காய்ந்திருக்கிறதே, லீக் இல்லை என்று நினைத்தால் ஏமாந்துவிடுவீர்கள். குழாய் முனையைப் பிடிக்கிற பேன்ஜோ போல்ட்டின் காப்பர் வாஷரைப் புதுசாக மாற்றுங்கள். பழையதைத் திருப்பிப் போட வேண்டாம்.

குமிழி இல்லை, ஆனால் ஓஸ் உள்ளே ஒட்டிச் சுருங்குகிறது என்றால் அடைப்பு. பெட்ரோல் டேங்கில் வருடக்கணக்காகப் படிந்த பிசினும் துருவும் டீசல் பட்டதும் கழன்று வந்து ஃபில்டரில் அடைக்கும். புது ஃபில்டர் போட்டால் இன்னொரு 50 கிலோமீட்டர், பிறகு மறுபடியும் அதே கதை. டேங்கை இறக்கிக் கழுவுங்கள். பெட்ரோல் இருந்த டேங்க், காலியாக இருந்தாலும் வெல்டிங் பக்கம் கொண்டுபோகவே கூடாது. பற்றவைக்க வேண்டுமென்றால் டேங்க் வேலை மட்டுமே செய்கிற கடையில் கொடுங்கள். நீராவியில் கழுவி எடுத்த பிறகே அவர்கள் நெருப்பைக் கிட்டே கொண்டுவருவார்கள்.

மூன்றாவது, ரிட்டர்ன் லைன். பழைய பெட்ரோல் டேங்கில் ரிட்டர்ன் குழாய் கிடையாது. சோம்பேறித்தனத்தில் ரிட்டர்னை ஒரு டீ போட்டு உறிஞ்சுகிற குழாயிலேயே சேர்த்துவிடுவார்கள். நாஸிலிலிருந்து திரும்புகிற சூடும் குமிழியும் வெளியே போக வழியின்றிச் சுற்றிச் சுற்றி வரும். ஏர் எடுத்தால் அரை மணி நேரம் ஓடும், பிறகு நிற்கும். ரிட்டர்ன் டேங்குக்குத்தான் போக வேண்டும், உறிஞ்சுகிற வாய்க்குத் தள்ளி விழ வேண்டும்.

கேனிலும் நிற்கிறது என்றால்தான் ஃபீட் பம்ப், அதற்கும் பிறகுதான் மெயின் பம்ப். அப்போது லேபுக்குப் போங்கள்.

சாவியை அணைத்தும் நிற்கவில்லை, அல்லது தானாக ரேஸ் ஏறுகிறது

சும்மா நிற்க மறுத்தால் ஸ்டாப் கேபிள்தான், மேலே சொன்ன அதே நீளப் பிரச்சினை எதிர்ப்பக்கமாக.

தானாக ரேஸ் ஏறினால் அது வேறு. ராணுவ வண்டியின் பழைய ஆயில் பாத் ஏர் கிளீனரை அப்படியே வைத்திருப்பார்கள். அதில் குறிக்கு மேல் ஆயில் ஊற்றினால் டீசல் என்ஜின் அந்த ஆயிலையே உறிஞ்சிக் குடித்து ஓடும், சாவியோ கேபிளோ அதை நிறுத்தாது. டாப் கியர் போட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்துக் கிளட்சை விட்டு என்ஜினை அமுக்கி நிறுத்துங்கள். முடியாவிட்டால் இன்டேக் வாயைப் பலகையால் மூடுங்கள், கையாலோ துணியாலோ வேண்டாம். நின்ற பிறகு மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்கிற ஆசையை விட்டுவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அவர் வால்வையும் ராடையும் பார்த்த பிறகுதான் அடுத்த ஸ்டார்ட்.

பிரேக் மிதி கல் மாதிரி இருக்கிறது

இந்த அறிகுறியோடு மலை இறங்காதீர்கள். சோதனையெல்லாம் சமதரையில்.

பெட்ரோல் என்ஜின் தன் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்தே பிரேக் பூஸ்டருக்கு வாக்குவம் கொடுக்கும். டீசலில் அந்த வாக்குவம் கிடையாது, தனி வாக்குவம் பம்ப் வேண்டும். பழைய ஓஸை அப்படியே டீசல் மேனிஃபோல்டில் சொருகி அனுப்பிய வண்டி ஒன்று என் பட்டறைக்கு வந்திருக்கிறது. ஓட்டியவர் காலில் பலம் உள்ளவர், அதனால் உயிரோடு வந்து சேர்ந்தார்.

என்ஜினை அணைத்து, மிதியை ஐந்தாறு தடவை அழுத்துங்கள். அழுத்திப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டருக்கு வாக்குவம் வரவில்லை.

ஓஸ் கிளிப், ஓஸ் உள்ளே சப்பி ஒட்டுகிறதா என்பது முதலில். அடுத்தது ஒன் வே வால்வு. இதைத் திருப்பிப் போடுவது ரொம்ப சகஜம். வாயில் வைத்து ஊதிப் பாருங்கள், ஒரு பக்கம்தான் போக வேண்டும், பம்ப் பக்கம் இழுக்கிற திசை அது. பிறகு பம்ப். ஆல்டர்னேட்டரின் பின்னால் வருகிற வாக்குவம் பம்ப் என்றால் அதற்கு ஆயில் போகிற மெல்லிய குழாயும் திரும்பி வருகிற குழாயும் இருக்கிறதா பாருங்கள். ஆயில் இல்லாமல் ஓடினால் உள்ளே சுற்றுகிற வேன்கள் (சின்னத் தகடுகள்) தேய்ந்து கரியாகிவிடும்.

கேஜ் வைத்து அளப்பவர்களுக்கு ஒரு சமாச்சாரம். மேட்டுப்பாளையத்தில் 25 அங்குலம் (பாதரச அளவு) காட்டுகிற நல்ல பம்ப் ஊட்டியில் 20-ஐ ஒட்டித்தான் காட்டும். மேலே காற்றழுத்தமே குறைவு. அதைப் பார்த்துவிட்டுப் பம்பை மாற்றாதீர்கள்.

வாக்குவம் சரியாக வந்தும் மிதி கல்லாகவே இருந்தால் பூஸ்டர் டயஃப்ரம் போய்விட்டது. அதைப் பிரேக் வேலை மட்டுமே செய்கிறவரிடம் கொடுங்கள், பட்டறையில் டியூப் ரப்பர் வெட்டி ஒட்டுகிற வேலை வேண்டாம்.

ஏற்றத்தில் சூடேறுகிறது

எல்லோரும் முதலில் ரேடியேட்டர் கோரை மாற்றுவார்கள். நான் கடைசியில்தான் மாற்றுவேன். நாலு லிட்டர் பெட்ரோலைக் குளிர வைத்த ரேடியேட்டருக்கு மூன்று லிட்டர் டீசல் பெரிய பாரமில்லை, கோர் அடைத்திருந்தால் தவிர. தண்ணீரை விடக் காற்றில்தான் குறை இருக்கும்.

ஒரு செய்தித்தாளை ரேடியேட்டரின் முன்பக்கம் வைத்து என்ஜினைக் கொஞ்சம் ரேஸ் கொடுங்கள். தாள் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். விழுந்தால், அல்லது பறந்து போனால், ஃபேனைப் பாருங்கள். முன்பின் திருப்பி மாட்டியிருக்கலாம். 497-இன் ஃபேன் நடு, ரேடியேட்டரின் நடுவுக்குக் கீழே விழுந்திருக்கலாம். ஃபேனுக்கும் கோருக்கும் ஒரு சாண் இடைவெளி இருந்து சுற்றிலும் தகடு இல்லாவிட்டால், ஃபேன் அடித்த காற்றையே திரும்ப அடித்துக்கொண்டிருக்கும். டிங்கரிடம் கொடுத்து ஃபேன் தகடு கட்டச் சொல்லுங்கள், ஃபேன் இறக்கையில் பாதி தகட்டுக்குள் இருக்கட்டும். பாதி வண்டிகள் இதிலேயே சரியாகிவிடும்.

அடுத்து ஏர் லாக். என்ஜினின் உச்சி ரேடியேட்டர் மூடியை விட உயரத்தில் இருந்தால் காற்று மேலேயே தங்கும். வண்டி மூக்கை மேட்டில் தூக்கி நிறுத்தித் தண்ணீர் ஊற்றுங்கள். அதற்குப் பிறகு தெர்மோஸ்டாட். அதற்குப் பிறகே கோர். தண்ணீரில் ஆயில் மிதந்தாலோ மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்ததும் விடாமல் குமிழி வந்தாலோ ஹெட் கேஸ்கட் போய்விட்டது, அது என்ஜின் மெக்கானிக் வேலை.

கியர் விழவில்லை, அல்லது கியர் நழுவுகிறது

நிஸ்ஸான் கியர் பாக்ஸை டாடா என்ஜினோடு சேர்க்க நடுவில் ஒரு அடாப்டர் தட்டு, இன்புட் ஷாஃப்ட் முனையைத் தாங்குகிற பைலட் பேரிங்குக்கு லேத்தில் கடைந்த புஷ், நடு ஹப் நிஸ்ஸானும் வெளி வட்டம் டாடாவுமாக ரிவெட் அடித்த கிளட்ச் பிளேட். மூன்று கைவேலை ஒரே இடத்தில்.

ரிவர்ஸ் போடும்போது கடகட என்றால் முதலில் மிதியின் ப்ளே, லிங்க் நீளம். ரிலீஸ் பேரிங் எவ்வளவு தள்ளுகிறது என்று கீழே படுத்துப் பாருங்கள். அது போதுமானதாக இருந்தும் கியர் விழவில்லை என்றால் புஷ் இறுக்கம், இன்புட் ஷாஃப்டைப் பிடித்துச் சுற்றுகிறது. இல்லையென்றால் பிளேட்டைத் திருப்பிப் போட்டதால் ஹப் ஃப்ளைவீல் போல்ட்டில் இடிக்கிறது. கியர் பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும்.

கியர் நழுவினாலோ, கிளட்ச் ஹப் சில மாதத்தில் கிழிந்தாலோ, கியர் பாக்ஸ் முன் சீல் திரும்பத் திரும்ப ஒழுகினாலோ, தட்டு நடுவில் இல்லை. இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஃப்ளைவீலில் டயல் கேஜைக் கட்டி, பெல் ஹவுசிங்கின் உள்வட்டத்தைச் சுற்றி அளக்க வேண்டும். மொத்தம் 0.20 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் என்றால் தட்டை நகர்த்தி, இடம் மாறாமல் பிடிக்கிற டவல் பின் போட்டு நிறுத்தச் சொல்லுங்கள். டயல் கேஜ் இல்லாத லேத்காரரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள், அவர் சொந்த மச்சானாக இருந்தாலும்.

அதிர்வு

நின்ற இடத்தில் ஆடினால் மவுண்டிங், அல்லது எங்கோ இரும்பு இரும்பைத் தொடுகிறது. சைலன்சர் குழாய் சேஸிஸில் இடிக்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். ஆறு சிலிண்டருக்கு வைத்த பழைய கடின ரப்பரில் நாலு சிலிண்டர் டீசலை உட்கார வைத்தால் பல் ஆடத்தான் செய்யும். 407-இன் ரப்பரையே போடுங்கள்.

ஓடும்போது மட்டும் ஆடினால், ஆடுகிற வேகத்தில் கிளட்சை அழுத்தி என்ஜினைத் தணிய விடுங்கள். ஆட்டம் நின்றால் என்ஜின் பக்கம். தொடர்ந்தால் ஜாயிண்ட் ஷாஃப்ட். என்ஜினைச் சாய்த்து வைத்ததில் கியர் பாக்ஸின் சாய்வும் மாறி, ஷாஃப்டின் இரண்டு முனைக் கோணமும் பொருந்தாமல் போயிருக்கும். ஷிம் போட்டுச் சரி செய்யலாம்.

இழுக்கவில்லை, கறுப்புப் புகை

ஆக்சிலரேட்டரைத் தரையோடு ஒருவரை மிதிக்கச் சொல்லிவிட்டுப் பம்ப் லீவர் கடைசி வரை போகிறதா பாருங்கள். பாதி நேரம் அதுதான். கறுப்புப் புகை என்றால் ஏர் கிளீனர். குன்னூருக்கு மேலே காற்று மெலிதாகும்போது டர்போ இல்லாத 497 கொஞ்சம் கறுக்கத்தான் செய்யும், கீழே வந்தால் தெளியும். பம்பின் சீல் வைத்த ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். முன்பு போன உச்ச வேகம் இப்போது போகவில்லை என்பது கோளாறும் இல்லை, பெட்ரோல் என்ஜினுக்கென்று போட்ட ஆக்சில் அது.

ஏற்றத்தில் ஆயில் பிரஷர் விழுகிறது

உடனே என்ஜினை அணைத்துவிடுங்கள், மேட்டின் நடுவில் நின்றாலும் சரி. முன் ஆக்சில் இடிக்காமலிருக்க ஆயில் சேம்பரை வெட்டி ஒட்டியிருப்பார்கள். மேட்டில் ஆயில் பின்னால் ஒதுங்கும்போது உறிஞ்சுகிற ஜல்லடை காற்றில் நிற்கும். முதலில் டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். சேம்பர் வெட்டுப்பட்டிருந்தால் ஸ்டிக்கின் குறியும் பொய்தான். அடுத்து, வேறு ஒரு மெக்கானிக்கல் கேஜை நேராக மாட்டி அளந்து பாருங்கள். நிஸ்ஸானின் மீட்டருக்கும் டாடாவின் சென்சாருக்கும் ஒத்துவராமல் வெறும் பொய்க்கணக்கும் காட்டும். நிஜமாகவே விழுகிறது என்றால் சேம்பரையும் ஜல்லடைக் குழாயையும் சேர்த்து மறுபடி செய்ய வேண்டும். அதுவரை வண்டி நகரக் கூடாது.

வண்டி நன்றாக ஓடுகிறது, எஃப்.சி.யில் (தகுதிச் சான்று) நிற்கிறது

சேஸிஸ் நம்பர் சரி, என்ஜின் நம்பரும் எரிபொருளும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகவில்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி இந்த மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் அனுமதி வேண்டும், என்ஜினை ஏற்றுவதற்கு முன்பே. என்ஜின் வாங்கிய பில், அது வந்த 407-இன் ஆர்.சி. நகல் இரண்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய இரும்புக் கடையில் பில் இல்லாமல் எடுத்த என்ஜின் என்றால் அந்த வண்டியை நான் பட்டறைக்குள்ளேயே விடுவதில்லை.